தகரக் குரல்

ஜூன் 2

அன்புள்ள மேலிடத்துக்கு,

நேற்று உன் அம்மாவை அடிக்கச் சுத்தியலோடு ஓடினேன். போலீசுக்குச் சொல்லும் முன் முழுவதும் படித்துவிடு.

குளித்துக்கொண்டிருந்தேன். தலையெல்லாம் சோப்பு. அறையிலிருந்து ஓர் ஆம்பிளைக் குரல், செய்தி வாசிப்பவன் மாதிரி கனமாக, "தண்ணீர் வேண்டும்" என்கிறது. எவனோ மாடி ஏறி வந்துவிட்டான், வாய் பேச முடியாதவள் தனியாக இருப்பதை நோட்டம் பார்க்கிறான் என்று நினைத்தேன். துண்டைச் சுற்றிக்கொண்டு, சோபாவுக்கு ஆணி அடிக்கும் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு, "யார்ரா அது" என்று போய் நின்றால் அறையில் உன் அம்மா மட்டும். மறுபடியும் அவன்: "தண்ணீர் வேண்டும்." பேசியது நீ அனுப்பிய புதுக் கம்ப்யூட்டர். துண்டு அந்த நேரம் பார்த்து என்னைக் கைவிட்டது. உன் அம்மாவுக்குக் கண்ணில் நீர் வழிகிற அளவுக்குச் சிரிப்பு. அவளால் இப்போது அசைக்க முடிவது அந்தக் கண்ணை மட்டும்தான் என்பதால் சிரிப்பெல்லாம் அங்கேயே வந்து சேர்கிறது.

சிரிப்பு அதோடு முடிந்தது. அதில் நீ பொருத்தியிருக்கும் கேமராவைக் குறை சொல்ல மாட்டேன். திரையில் எழுத்துப் பலகை வருகிறது, அவள் எதைப் பார்க்கிறாளோ அந்த எழுத்து விழுகிறது. கட்டைவிரலும் நின்றுபோனவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் பேசுவது அவன். எட்டு வருஷமாக அவள் பொத்தானை அழுத்தி அழுத்திப் பேசிய தகரக் குரல் இதில் இல்லை. அது மூக்கடைத்த கிளி மாதிரி இருக்கும். கோபத்தையும் கொஞ்சலையும் ஒரே மட்டத்தில் சொல்லும். இருந்தாலும் எட்டு வருஷமாக என்னைத் திட்டியது அதுதான். திட்டு வாங்குவதற்கும் ஒரு பழக்கம் வேண்டும் அல்லவா.

சாயங்காலம் எழுத்து எழுத்தாகப் பார்த்து, அவன் வாயாலேயே சொல்ல வைத்தாள்: "இது நான் இல்ல." பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். பசிக்கும் தாகத்துக்கும் ஒரு தடவை இமைத்தால் ஆமாம், ரெண்டு தடவை இமைத்தால் இல்லை. அதற்கு மேல் பேச்சில்லை.

பழைய கம்ப்யூட்டரில் குரல் இருக்கிறது, கண் இல்லை. புதுசில் கண் இருக்கிறது, குரல் இல்லை. நடுவில் நான் ரெண்டு பொண்டாட்டிக்காரன் மாதிரி முழிக்கிறேன். நீ முன்பு வைத்துவிட்டுப் போன சி.டி. தட்டைப் போட்டுப் பழைய குரலைப் புதுசில் ஏற்றிப் பார்த்தேன். ஏறியது. திறந்தால் ஒரு பெட்டி வந்து, ஏதோ லைப்ரரி சரியில்லை என்கிறது. என் இங்கிலீஷ் ஒன்பதாவதோடு நின்றது உனக்குத் தெரியும். எழுத்தைப் பார்த்துப் பார்த்துப் படமாக வரைந்து பின்பக்கம் வைத்திருக்கிறேன்.

போனில் கேட்கலாம். ஆனால் நாம் போனில் பேசினால் என்ன ஆகும் என்று போன மாதம் பார்த்தோம். சிக்னல் வேறு, அவள் கட்டில் ஓரத்து ஜன்னலில் ஒற்றைக் காலில் நிற்பவனுக்குத்தான் கிடைக்கிறது. பதில் சொல்ல முடியாதவள் தலைமாட்டில் நின்று அவளைப் பற்றிச் சண்டை போடுவது என்ன நியாயம்? அதனால் கீழே பட்டறையில், துணி வெட்டும் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை நர்ஸம்மா வரும் ஒரு மணி நேரம்தான் எனக்கு வெளியே போக விடுதலை. அப்போது தபாலில் போடுவேன்.

அப்பன்


ஜூன் 8

அப்பாவுக்கு,

ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் பிரிவில், வேலை நேரத்தில் உட்கார்ந்து உங்கள் கடிதத்தைப் படித்தேன். சிரிப்பை இருமல் என்று சொல்லிச் சமாளித்தேன்.

நீங்க வரைந்த இங்கிலீஷில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. விஷயம் இதுதான். எந்தப் புரோகிராமும் எல்லா வேலையையும் தானே செய்வதில்லை. சில வேலைகளுக்குப் பொதுவான ஒரு கோப்பை நம்பியிருக்கும். அதற்குப் பெயர்தான் லைப்ரரி. தெருவுக்கே ஒரு ஏணி என்று வைத்துக்கொள்ளுங்க. அம்மாவின் குரல் செய்யப்பட்ட காலத்தில் இருந்தது பழைய ஏணி. கேமரா வந்தபோது அதே பெயரில் ஒரு புது ஏணியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறது. குரல் பழைய ஞாபகத்தில் கால் வைக்கிறது, படி இருக்க வேண்டிய இடத்தில் படி இல்லை, விழுகிறது. அந்தக் குரலைச் செய்த கம்பெனியை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. கேட்க ஆளில்லை.

பழைய கம்ப்யூட்டரில் பழைய லைப்ரரி இருக்கிறது. அதன் பெயரைத் தனித்தாளில் பெரிதாக எழுதியிருக்கிறேன். பென் டிரைவில் அதைக் காப்பி எடுத்து, புதுசில் அதே பெயரில் இருப்பதன் மேல் போடுங்க. போடும் முன் புதுசில் இருப்பதற்கும் ஒரு காப்பி எடுத்து வைங்க. இதை மட்டும் மறக்காதீங்க. கேமராவும் பழைய ஏணியிலேயே ஏறிக்கொள்ளும் என்று நினைக்கிறேன். நிச்சயமில்லை.

நான் வந்தால் பத்து நிமிஷ வேலை. ஆனால் "வந்தா அம்மாவக் கூட்டிட்டுப் போகத்தான் வருவேன்" என்று நான் சொன்னேன். "அவ என் பொண்டாட்டி, பார்சல் இல்ல. அதுக்குன்னா வராதே" என்று நீங்க சொன்னீங்க. நான் சொன்னதாவது கோபத்தில். நீங்க நிதானமாகச் சொன்னீங்க, அதுதான் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

இங்கே ஊழியர் குடியிருப்பில் எனக்குக் கீழ்த்தளத்தில் வீடு. கூப்பிடு தூரத்தில் நரம்பு டாக்டர். பகலில் அம்மாவோடு இருக்க ஆள் பார்த்துவிட்டேன். ஊழியரோடு பெற்றோரில் ஒருவர்தான் தங்கலாம் என்பது ஆஸ்பத்திரி போட்ட விதி, நான் போட்டதில்லை. அம்மாவைத் தூக்கும்போது நீங்க முனகுகிறீங்களே, அது போனிலேயே கேட்கிறது.

மகள்


ஜூன் 16

அன்புள்ள மேலிடத்துக்கு,

உட்கார்ந்துகொண்டு படி.

பென் டிரைவைப் பழைய கம்ப்யூட்டரில் செருகினேன். நீ எழுதிக் கொடுத்த பெயரைத் தேடிப் பிடித்தேன். அதன் மேல் மவுஸை அழுத்தினால் சின்னச் சின்னப் படங்கள் வந்தன. ஒன்றில் ரெண்டு காகிதம். ஒன்றில் கத்தரிக்கோல். ஆயுசெல்லாம் சோபா தைத்தவன் காகிதத்தை நம்புவானா, கத்தரிக்கோலை நம்புவானா? கத்தரிக்கோலை அழுத்தினேன். வெட்டிய இடத்தில் அது மிச்சம் வைக்காது என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டும்தான். துணியிலும் அப்படித்தானே நடக்கிறது.

புதுசில் கொண்டுபோய்ப் போட்டேன். ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, மாற்றவா என்கிற மாதிரி கேட்டது. பழைய துணியை உரிக்காமல் மேலே புதுத்துணி அடித்தால் சோபா மேடு தட்டும். தொழில் புத்தி. மாற்று என்றேன். காப்பி எடுக்கச் சொன்னது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

ஆனால் கேள், குரல் வந்தது. திறந்ததும் தகரம் வழக்கம்போல "நான் தயார்" என்றது. உன் அம்மா கண்ணைத் திறந்தாள். ரெண்டு வாரமாக அப்படி ஒரு கண்ணை நான் பார்க்கவில்லை. நேரே பலகையைப் பார்த்தாள். எழுத்து விழவில்லை. கேமராவின் விளக்கு அணைந்திருந்தது. அது அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள், பூட்டின கதவுகளை வரிசையாகத் தள்ளிப் பார்க்கிற மாதிரி.

எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவோம் என்று மறுபடி கத்தரித்து, பழையதில் ஒட்டப்போனேன். பச்சைக் கோடு பாதி தூரம் வந்திருக்கும். கீழே யாரோ பட்டறைக் கதவைத் தட்டினார்கள். பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

இப்போது பழையதில் குரல் போய்விட்டது. புதுசில் குரலும் இல்லை, கண்ணும் இல்லை. பலகையே வராததால் அந்தச் செய்தி வாசிப்பவன்கூட வாய் திறப்பதில்லை. வீட்டில் ரெண்டு கம்ப்யூட்டரும் ஊமை.

அவளுக்கு என்னைக் கூப்பிட வழியில்லை. நாலு ஆணி அடித்தால் ஒரு தடவை மாடி ஏறிப் பார்க்கிறேன். அட்டையில் எழுத்துகளை எழுதி, ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டு போய், அவள் இமைக்கும் இடத்தில் நிறுத்திப் பார்த்தேன். 'ச'வில் நிறுத்தினாள். எனக்கேது பொறுமை? சாப்பாடா, சன்னலா, சளியா என்று நானே அடுக்கினேன். கண்ணை மூடிவிட்டாள். பிறகுதான் உறைத்தது. என்னைத் திட்டுவதென்றால்கூட இப்போது என் விரலைத்தான் கடன் கேட்க வேண்டும். எந்த மனுஷி அப்படித் திட்டுவாள்?

கதவைத் தட்டியவர் எதிர்த்தெருவுக்கு வழி கேட்க வந்தவர்.

அப்பன்


ஜூன் 22

அப்பாவுக்கு,

முதலில் எழுதியதைக் கிழித்துவிட்டேன், அது முழுக்கத் திட்டு. கத்தரிக்கோலில் என் பங்கும் உண்டு. காப்பி எடுங்க என்று எழுதினேனே தவிர எந்தப் படம் என்று எழுதவில்லை.

பழைய லைப்ரரிக்காக எங்கெல்லாமோ தேடினேன். கடைசியில் கூடப் படித்தவள் ஒருத்தி தன் பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடாமல், காற்றில் கதவு அடிக்காமலிருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தாள். அதில் இருந்தது. கதவுக்கு ஒரு செங்கல்லை வைத்துவிட்டு லேப்டாப்பை வாங்கி வந்தேன்.

என் யோசனையே தப்பு, அப்பா. ஒரே ஏணியில் ரெண்டு பேரையும் ஏற்றப் பார்த்தேன். புது ஏணி பொது இடத்தில் கேமராவுக்காக அப்படியே இருக்கட்டும். பழைய ஏணியைக் குரலின் சொந்த அறைக்குள், அதாவது அதன் ஃபோல்டருக்குள்ளேயே வைத்துவிட்டால் போதும். எந்தப் புரோகிராமும் வெளியே தேடும் முன் தன் அறைக்குள்தான் முதலில் பார்க்கும். இங்கே இதே மாதிரி கம்ப்யூட்டரில் கேமராவோடு வைத்துச் சோதித்துவிட்டேன். ரெண்டும் ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாமல் ஓடுகின்றன. இதோடு இருக்கும் பென் டிரைவைப் புதுசில் செருகி, அதில் உள்ள ஒரே படத்தை ரெண்டு தடவை தட்டுங்க. கெட்டதையும் அதுவே சரிசெய்துகொள்ளும். உங்க கை வேறு எதிலும் பட வேண்டாம்.

இப்போது நான் கேட்பது. குரல் வந்ததும் அம்மாவிடம் கேளுங்க, எங்கே இருக்க ஆசை என்று. போன தடவை, அவள் கட்டைவிரல் நின்ற புதிதில் வந்தபோது நான் கேட்டேன், என்னோடு வர்றியா, ஆமாம் என்றால் ஒரு தடவை இமை என்று. கண்ணை மூடிக்கொண்டாள். காரணம் சொல்ல இடமில்லாத பதிலை அவள் என்றைக்குமே சொன்னதில்லை. அங்கேதான் என்று சொன்னால் நான் இனி வாயே திறக்க மாட்டேன். லீவு கிடைக்கும்போதெல்லாம் சண்டை போடாமல் வந்து போவேன். இங்கே என்று சொன்னால் நீங்க தடுக்கக் கூடாது. சம்மதமா?

மகள்


ஜூன் 30

அன்புள்ள மகளுக்கு,

பென் டிரைவ் வந்து சேர்ந்தது. சின்னதாக, நல்ல சிவப்பாக இருக்கிறது.

இந்த வாரம் கரண்டு ஒரு நிலையில் இல்லை. பாதியில் போய்த் தொலைத்தால் மறுபடி கெட்டுவிடும். அதோடு பல் டாக்டர் ஒருவர் நோயாளிகள் காத்திருக்கும் அறைக்கு ஆறு நாற்காலி கொடுத்திருக்கிறார், மெத்தை மாற்ற. ஆறும் பல்வலிக்காரர்கள் கடுப்பில் பிய்த்துப் போட்டவை. என் மூக்குக் கண்ணாடிக்கு ஒரு காது வேறு உடைந்துவிட்டது. ஒரே படம் என்று நீ சொன்னது எனக்கு ரெண்டாகத் தெரிகிறது. அவசரப்பட்டுக் கெடுத்தவன் என்று பேர் எடுத்தாயிற்று. இந்தத் தடவை நிதானமாகச் செய்கிறேனே.

அம்மாவுக்கு உடம்பு பரவாயில்லை. பகலெல்லாம் ஜன்னல் பக்கமே பார்க்கிறாள். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவர்தான் இருக்கிறது.

சம்மதமா என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி.

அப்பன்


ஜூலை 6

அப்பா,

கரண்டு போனாலும் அந்தக் கம்ப்யூட்டர் பேட்டரியில் ஓடும். ஒற்றைக் காதுக் கண்ணாடி உங்க மூக்கில் தாராளமாக நிற்கும். நாற்காலி ஆறும் இந்நேரம் முடிந்திருக்கும்.

அம்மா என்ன சொல்லிவிடுவாளோ என்று எனக்கும் பயம்தான். உங்களோடுதான் இருப்பேன் என்று சொல்லிவிட்டால் நான் வாங்கிப் போட்ட கட்டிலை என்ன செய்வது? அதை வாங்கினது அவளுக்காகவா, வேலை முடிந்து வந்தால் யாருமில்லாத இந்த ரெண்டு அறைக்காகவா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. ஆனால் நாம் ரெண்டு பேரும் பயப்படுகிற நேரமெல்லாம் அவள்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

தட்டுங்க அப்பா.

மகள்


ஜூலை 14

அன்புள்ள மகளுக்கு,

தட்டினேன். நர்ஸம்மாவைப் பக்கத்தில் சாட்சிக்கு நிறுத்திக்கொண்டு, கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தட்டினேன். ஒரு கறுப்புப் பெட்டி வந்து, அதில் என்னவோ மேலே மேலே ஓடிப்போயிற்று. பலகை வந்தது. கேமரா விளக்கு எரிந்தது. தகரம் "நான் தயார்" என்றது. விளக்கையே பார்த்தேன். அணையவில்லை.

உன் அம்மா பார்க்க ஆரம்பித்தாள். ஒரு எழுத்து. இன்னொன்று.

"சட்டைய மாத்துங்க. வெளியாள் வர்ற அன்னிக்காவது நல்லதா ஒண்ணு போடக் கூடாதா?"

அன்றைக்கு 'ச'வில் நின்றது இதுதானாம். நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மழை. அத்தனை நாள் பாக்கியும் சேர்ந்து கொட்டியது. "வென்னீர் சூடு பத்தல. தலகாணிய நீங்க வெக்கிற மாதிரி எதிரிக்குக்கூட வெக்கக் கூடாது. அந்தக் கத்தரிக்கோல் கூத்த முழுசா பாத்துட்டுத்தான் இருந்தேன். வேணாம், வேணாம்னு ரெண்டு ரெண்டு தடவையா கண்ணச் சிமிட்டினேன். நீங்க திரும்பிப் பாத்தாத்தானே."

நான் வெட்டி ஒட்டி வேர்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம், என் முதுகுக்குப் பின்னால் அவள் வேணாம் வேணாம் என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

நர்ஸம்மா போனதும் கேட்டேன். உனக்குச் சம்மதம் என்று நான் எழுதவில்லை, ஆனாலும் கேட்டேன்.

"மக உன்கிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னா."

"தெரியும். கீழ உக்காந்து காகிதம் காகிதமா எழுதறீங்களே, மாடிக்குப் பேனா சத்தம் கேக்காதுன்னு நெனப்பு."

"அவகிட்டப் போறியா, இங்கியே இருக்கியா?"

"மொதல்ல நிமிந்து நில்லுங்க."

நின்றேன்.

"இதான் நிமிந்ததா?"

"சோபாக்காரன் முதுகு சோபா மாதிரிதான் இருக்கும்" என்றேன்.

இந்த இடத்தில் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தகரத்துக்கு ஏற்ற இறக்கம் கிடையாது. அவள் கட்டைவிரலால் பேசிய காலத்தில் அது "போங்க" என்று சொன்னால் நான் அவள் கண்ணைப் பார்ப்பேன். கோபமா, கேலியா, அழுகையா என்று கண் சொல்லிவிடும். பாதியைக் குரலிலும் பாதியைக் கண்ணிலும்தான் எட்டு வருஷம் கேட்டேன். இப்போது கண்தான் அவளுக்கு விரல். பேசும்போது அது பலகையை விட்டு நகர முடியாது. என்னைப் பார்த்தால் பேச முடியாது, பேசினால் என்னைப் பார்க்க முடியாது. உன்மேல் குற்றமில்லை. நீ சரியாகத்தான் செய்து அனுப்பியிருக்கிறாய். இதற்கு எந்த லைப்ரரியும் இருக்காது.

"நான் போனா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமா?" என்றது தகரம்.

"என்ன கஷ்டம்? கால நீட்டித் தூங்குவேன். ஒரே சட்டைய ஒரு வாரம் போடுவேன். கேக்க ஆளா இருக்கு?" என்று சொல்லிச் சிரித்தேன். என் வாய் அப்படிப்பட்டது. அழ வேண்டிய இடத்தில் எல்லாம் அதுதான் முந்திக்கொள்கிறது.

எழுத்துகள் விழ வெகுநேரம் ஆயிற்று.

"அப்ப நான் அவகிட்டப் போறேன். உங்க முதுகும் போச்சுன்னா நம்ம ரெண்டு பேரையும் யாரு தூக்கறது?"

கண் பலகையில் இருந்தது. அவள் அதை எப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது.

"சரி" என்றேன். "நல்ல யோசனைதான்" என்றும் சொன்னேன்.

அப்புறம் அவள் பலகையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். என் முறை என்கிற மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் தலையணையைச் சரிசெய்தேன். அவள் சொன்னது போலவே, அதைத் தப்பாகத்தான் வைத்தேன்.

நீ வா. வராதே என்று நான் சொன்ன வாசல்படி அப்படியேதான் இருக்கிறது, ஏறலாம். எந்த வேனில் வருவாய் என்று எழுது. பின்பக்கத்தின் நீள அகலம் வேண்டும். வழியில் குலுங்காத மாதிரி கெட்டி ஃபோமில் ஒரு மெத்தை தைத்துவிடுகிறேன். என்ன நிறத்தில் துணி என்று அவளைக் கேட்டேன், நீலம் என்றாள். தலைப்பக்கம் கொஞ்சம் உயரமாக வேண்டுமா என்று கேட்டேன், வேண்டும் என்றாள். பக்கவாட்டில் கைப்பிடி வைக்கலாமா என்று கேட்டேன். குழாயடி மாதிரி தொணதொணவென்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"இங்கியே இரு" என்று மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை.